ரவுட்டரின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் கம்பியை இழுத்து, ரவுட்டரைச் சுவரில் மாட்டி, வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அந்தப் பாஸ்வேர்டு பெரும்பாலும் சந்தாதாரரின் செல்போன் எண்ணாகவோ, வீட்டுப் பிள்ளையின் பெயருடன் 123 சேர்த்ததாகவோ இருக்கும். செல்போன்களும் டிவியும் இணைந்துவிட்டால் வேலை முடிந்தது என்றே இரு தரப்பும் நினைக்கின்றன. ஆனால், அந்தப் பெட்டிக்கு இரண்டாவதாக ஒரு பாஸ்வேர்டு உண்டு. யார் இணையலாம், எந்த வழியாக இணையத்துக்குப் போக வேண்டும், வெளியிலிருந்து யார் உள்ளே வரலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் அட்மின் பக்கத்தைத் திறப்பது அதுதான். சில வீடுகளில் அது தொழிற்சாலையில் வைத்தபடியே இருக்கிறது. சில வீடுகளில் அது சேவை நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும்; வாடிக்கையாளர் கேட்டாலும் கிடைப்பதில்லை. மாதாமாதம் கட்டணம் செலுத்துபவர் தன் வீட்டுப் பூட்டின் சாவியைக் கட்டுமான மேஸ்திரியிடமே விட்டுவைத்ததற்குச் சமமான நிலை இது. இணைப்பு கொடுக்கும் நாளிலேயே அட்மின் பாஸ்வேர்டை வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். அதைக் கொண்டு ரவுட்டரை அவ்வப்போது திறந்து பார்ப்பது வீட்டாரின் வழக்கமாக வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் நடந்தால் போதாது.

இந்த இரண்டு பாஸ்வேர்டுகளும் வெவ்வேறு ஆட்களைத் தடுப்பவை. வைஃபை பாஸ்வேர்டு, அலை எட்டும் தூரத்தில் இருப்பவரைத் தடுக்கிறது: பக்கத்து வீட்டுக்காரர், மாடிக் குடித்தனக்காரர், தெருவில் வண்டியை நிறுத்தியிருப்பவர். அட்மின் பக்கமோ இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் கருவிகளில், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் வந்து தட்டக்கூடிய கதவாகிவிடுகிறது. அப்படித் தட்டுவதற்குப் பெரிய திறமை ஏதும் தேவையில்லை என்பதை 2016-இல் மிராய் என்ற தீநிரல் காட்டியது. அமெரிக்க இளைஞர்கள் மூவர் எழுதியது அது. இணையம் முழுவதும் துழாவி, கேமரா, டிவிஆர், ரவுட்டர் என்று அகப்பட்ட கருவியில் எல்லாம் ‘அட்மின், அட்மின்’, ‘ரூட், 12345’ போன்ற அறுபது சொச்சம் பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை அது முயன்றது. அதற்கே உச்சகட்டத்தில் சுமார் 6 லட்சம் கருவிகள் அகப்பட்டன. அந்தப் படையைக் கொண்டு அக்டோபர் 21 அன்று இணையப் பெயர்களை எண்முகவரிகளாக மாற்றித் தரும் டின் என்ற நிறுவனத்தின் சேவை தாக்கப்பட்டபோது, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ரெட்டிட் எல்லாம் அமெரிக்காவின் பெரும் பகுதியில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கும். சுவிட்சை அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் பாஸ்வேர்டு மாறாத கருவியைச் சில நிமிடங்களிலேயே மீண்டும் பிடித்துக்கொள்ளும். நெட் வரவில்லை என்றால் அணைத்துப் போடுவது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். மிராய் போன்றவற்றிடம் அது மட்டும் பலிக்காது.

அடுத்த ஆண்டே இதுபோன்ற ஒரு தாக்குதல் இந்தியாவுக்கும் வந்தது. 2017 ஜூலை இறுதியில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் வாடிக்கையாளர்களின் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மோடம்கள் ஒரு தாக்குதலில் இணைப்பு இழந்ததாகச் செய்திகள் வெளியாயின. கர்நாடகத்தில் பாதிப்பு அதிகம். கருவிகளை இயங்காமல் செய்வதற்கென்றே எழுதப்பட்ட பிரிக்கர்பாட் என்ற நிரலின் ஆசிரியர் அதற்குப் பொறுப்பேற்றுக்கொண்டார். தொழிற்சாலையில் வைத்த ‘அட்மின்’ என்ற பாஸ்வேர்டு மாற்றப்படாத மோடம்களே சிக்கின; அதை மாற்றிக்கொள்ளும்படி பிஎஸ்என்எல் தன் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அறிவுரை சரியானதுதான். ஆனால் அது எப்போது, யாரிடம் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். கருவி பழுதான பிறகு, அப்படியொரு பாஸ்வேர்டு இருப்பதையே அறியாதவர்களிடம் சொல்லப்பட்டது. இணைப்பு கொடுத்த அன்று பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை அது. அந்தப் பத்து நிமிடத்தை யாருடைய கடமையாகவும் எந்த விதியும் வைக்கவில்லை.

இணைப்பு அறுந்தால் நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரியாமல் நடப்பவை இன்னும் மோசமானவை. பிரேசிலில் 2011 முதல் நடந்த தாக்குதலை இங்கே சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். ஒரு வங்கியின் இணையப் பெயரை நாம் தட்டச்சு செய்தால், அந்தப் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற சேவையிடம் நம் கருவி முதலில் கேட்கிறது. எந்த டிஎன்எஸ் கணினியிடம் கேட்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ள செல்போனுக்கும் கணினிக்கும் சொல்லிக்கொடுப்பது ரவுட்டர்தான். குற்றவாளிகள் பிரேசில் வீடுகளின் மோடம்களுக்குள் நுழைந்து அந்த ஒரே ஒரு வரியை மாற்றினார்கள். அதன்பின் சரியான பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்தவரும் போலிப் பக்கத்துக்கோ, தீநிரலைப் பதிவிறக்கச் சொல்லும் பக்கத்துக்கோ போய்ச் சேர்ந்தார். கணினியில் வைரஸ் இல்லை, இணைப்பில் தடங்கல் இல்லை, கண்ணுக்குத் தெரியும் குறை எதுவுமே இல்லை. சுமார் 45 லட்சம் மோடம்கள் இப்படி மாற்றப்பட்டிருந்தன. இன்றைய உலாவிகளும் வங்கிச் செயலிகளும் போலிச் சான்றிதழைக் கண்டால் எச்சரிப்பதால் அதே தந்திரம் அவ்வளவு எளிதாகப் பலிக்காது. ஆனால் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு மேலே போகும் பழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. இந்த நிகழ்வில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த மோடம்கள் சிலவற்றின் சிப்பில் இருந்த ஓட்டை வழியாகப் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போக முடிந்தது. எனவே ஒரு முறை நல்ல பாஸ்வேர்டு வைத்துவிட்டால் ஆயுளுக்கும் போதும் என்று சொல்ல முடியாது. மாற்றப்பட்ட அந்த வரியைக் கண்டுபிடிக்க, அட்மின் பக்கத்தைத் திறந்து பார்க்க ஒருவர் வேண்டும். திறப்பதற்கு அவரிடம் பாஸ்வேர்டு இருக்க வேண்டும்.

‘என் வீட்டில் திருட என்ன இருக்கிறது?’ என்பது பொதுவாக எழும் மறுப்பு. திருடனுக்குத் தேவை உங்கள் கோப்புகளாக இல்லாமல் உங்கள் முகவரியாக இருக்கலாம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை இணைப்பிலிருந்து போயிருந்தது. அவருக்கும் சதிக்கும் தொடர்பில்லை என்று தெளிவாவதற்குள் அவர் கடுமையான விசாரணையைக் கடக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சலும் மும்பை செம்பூரில் பூட்டப்படாமல் இருந்த ஒரு வைஃபை வழியாக அனுப்பப்பட்டதாகக் காவல் துறை கண்டறிந்தது. இவை பக்கத்தில் வந்து நின்று செய்தவை. இன்று பக்கத்தில் வர வேண்டியதே இல்லை. தீநிரல் ஏற்றப்பட்ட பழைய ரவுட்டர்கள் வழியாகப் பிறர் இணையத்தில் உலவ வாடகைக்கு விட்டுவந்த இரண்டு சேவைகளை அமெரிக்க அரசு 2025 மே மாதத்தில் முடக்கியது. மாதம் 9.95 டாலர் முதல் 110 டாலர் வரை வாடகை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருப்பதாக அதில் ஒன்று விளம்பரமே செய்திருந்தது. வாடகை கட்டியவர் செய்த மோசடி, சுவரில் அந்தப் பெட்டியை மாட்டியிருக்கும் குடும்பத்தின் முகவரியிலிருந்து நடந்ததாகவே பதிவாகும். காவல் நிலையத்தில் போய் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வேண்டியவர் அந்தக் குடும்பத் தலைவர்தான்.

சேவை நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்படும் மறுப்பு வேறு வகை. அதற்குக் கனம் அதிகம். ‘சாதாரண மக்களிடம் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் எதையாவது மாற்றிவைத்துவிட்டு நெட் வரவில்லை என்று புகார் செய்வார்கள், நாங்கள் தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்வதுதான் பாதுகாப்பு’ என்கிறார்கள். இதில் பாதி உண்மை. ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருளை லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் புதுப்பிக்க நிறுவனத்தால்தான் முடியும். 2016 நவம்பரில் மிராயின் ஒரு வகை, ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்கள்மீது பாய்ந்தது. சுமார் 9 லட்சம் வீடுகளின் இணைப்பு முடங்கியது. நிறுவனம் திருத்தப்பட்ட மென்பொருளை உடனே அனுப்பியதால்தான் நிலைமை விரைவில் சீரானது. ஆனால் அந்தத் தாக்குதல் எந்த வழியாக வந்தது? தொலைவிலிருந்து பராமரிப்பதற்கென்று திறந்துவைத்திருந்த அதே வழியாக. எல்லா வீடுகளுக்கும் ஒரே வாசல் என்றால், அதில் தவறு நேரும்போது எல்லா வீடுகளும் சேர்ந்தே விழும். மேலும், நிறுவனத்துக்கு ஒரு கணக்கு, வீட்டாருக்கு ஒரு கணக்கு என்று இரண்டையும் ஒரே கருவியில் வைத்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஃபைபர் இணைப்புக்கு உயிர்நாடியான அமைப்புகளை நிறுவனம் பூட்டிவைத்துக்கொள்ளட்டும். வைஃபை, டிஎன்எஸ், இணைந்துள்ள கருவிகளின் பட்டியல், தொலைநிர்வாகம் திறந்திருக்கிறதா என்ற தகவல் ஆகியவை வீட்டாருக்குத் தெரிவதால் எந்தக் கம்பியும் அறுந்துவிடாது. தவறாக எதையாவது மாற்றிவிட்டால் பின்புறத்து ரீசெட் பொத்தான் இருக்கிறது. அதன் பிறகு இணைப்பைத் திரும்ப அமைத்துத் தரும் உதவியையும் சேவையின் பகுதியாகவே கருத வேண்டும்.

நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் எஃப்கேஐஇ ஆய்வு நிறுவனம் 2020-இல் ஏழு தயாரிப்பாளர்களின் 127 வீட்டு ரவுட்டர்களின் மென்பொருளை ஆராய்ந்தது. குறையில்லாத ரவுட்டர் ஒன்றுகூட இல்லை. அவற்றில் 46 ரவுட்டர்களுக்கு அதற்கு முந்தைய ஓராண்டில் ஒரு பாதுகாப்புத் திருத்தம்கூட வரவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை, 2011-உடன் திருத்தங்கள் நின்றுபோன லினக்ஸ் பதிப்பிலோ அதற்கும் பழையதிலோ ஓடிக்கொண்டிருந்தன. இது ஐரோப்பியச் சந்தையில், பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு. நம் ஊர்களில் உள்ளூர் கேபிள்காரர் வழியாக இணைப்போடு இலவசமாக வந்து சேரும் கருவிகளுக்கு அதைவிட நல்ல பராமரிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் ஏதும் இல்லை. செல்போன் வாங்கும்போது எத்தனை ஆண்டு அப்டேட் வரும் என்று கேட்கத் தெரிந்துகொண்டோம். அந்தச் செல்போன், டிவி, பிள்ளைகளின் பாடம், வீட்டிலிருந்தே பார்க்கும் அலுவலக வேலை எல்லாவற்றுக்கும் ஒரே வழியாக இருக்கும் பெட்டியைப் பற்றி அந்தக் கேள்வி எழுவதில்லை.

இனி வீட்டாரின் பங்கு. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.1.1 அல்லது அதுபோன்ற ஓர் எண்முகவரி இருக்கும். வீட்டு வைஃபையில் இணைந்த செல்போனின் உலாவியில் அதைத் தட்டினால் அட்மின் பக்கம் வரும். முதலில் மாற்ற வேண்டியது அட்மின் பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு இரண்டாவது. இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. தொலைநிர்வாகம் என்ற பகுதியில், வீட்டார் கணக்குக்கு வெளியிலிருந்து நுழைய அனுமதி இருந்தால் அதை மூடிவிட வேண்டும். பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பொத்தானாலோ எட்டு இலக்க எண்ணாலோ கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியும் வேண்டாம். அந்த எண்ணுக்குப் பத்து கோடி வாய்ப்புகள் இருப்பதுபோலத் தோன்றும். கருவி அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்தே கணக்கிடப்படுவதாலும், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் உடைத்துவிடலாம் என்பது 2011 டிசம்பரிலேயே வெளிப்பட்டுவிட்டது. குறியாக்க முறையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். சிசிடிவி கேமரா, ஸ்மார்ட் டிவி போன்றவற்றை விருந்தினருக்கான தனி வைஃபையில் இணைப்பது நல்லது. அவற்றில் ஒன்று கெட்டாலும் கணினியை எட்டாமல் அது காக்கும்.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. தொடர்ந்து செய்ய வேண்டியது கண்காணிப்பு. அதையும் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. மின்கட்டணம் பார்க்கும் நாளில் அட்மின் பக்கத்தைத் திறந்து மூன்றே விஷயங்களைப் பார்த்தால் போதும்: இணைந்துள்ள கருவிகளின் எண்ணிக்கை வீட்டிலிருப்பவற்றோடு பொருந்துகிறதா, டிஎன்எஸ் வரி முன்பு குறித்துவைத்தபடியே இருக்கிறதா, புதிய மென்பொருள் வந்திருக்கிறதா. பட்டியலைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுமே சில ஆண்டுகளாகத் தங்கள் உண்மையான கருவி எண்ணை மறைத்துப் புனைந்த எண்ணைக் காட்டுகின்றன. அதனால் சொந்தப் போனே அந்நியரின் போன்போலத் தெரியலாம்; ஒவ்வொன்றாக வைஃபையை அணைத்துப் பார்த்து அடையாளம் கண்டு பெயரிட்டுவிட்டால் அந்தக் குழப்பம் தீரும். அப்படியும் பெயர் தெரியாத ஒன்று மிஞ்சினால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவதே எளிய வழி. நம்முடையது என்றால் அது தானாகவே நம்மிடம் வந்து கேட்கும்.

கண்காணிப்பு என்றதும் எழ வேண்டிய ஒரு மறுப்பை யாரும் அதிகம் எழுப்புவதில்லை. நான் மிகவும் மதிக்கும் மறுப்பு அதுதான். அட்மின் பாஸ்வேர்டு வீட்டுக்கு வந்தால், அது வீட்டில் யார் கைக்குப் போகும்? நம் குடும்பங்களில் பெரும்பாலும் கணவர் கைக்கு, அல்லது மூத்த மகன் கைக்கு. பக்கங்களின் உள்ளடக்கம் இப்போது பெரும்பாலும் குறியாக்கம் செய்யப்படுவதால் என்ன படித்தார்கள், என்ன எழுதினார்கள் என்பதை ரவுட்டர் காட்டாது. ஆனால் எந்தக் கருவி எந்த நேரத்தில் எந்தத் தளத்துக்குப் போனது என்பதைப் பதிந்துவைக்கப் பல ரவுட்டர்களால் முடியும். மருமகளின் போனை மட்டும் இரவு பத்து மணிக்குத் துண்டிக்க முடியும். துன்புறுத்தலிலிருந்து தப்பிக்க உதவி தேடும் பெண் எந்தத் தளத்துக்குப் போனார் என்பது, அவரைத் துன்புறுத்துபவரின் திரையில் தெரியவும் கூடும். இந்த ஆபத்து கற்பனை அல்ல. ஆனால் சாவியை நிறுவனமே வைத்துக்கொள்வதால் இது நீங்கிவிடாது. இன்றும் அந்தக் கணவர் நிறுவன ஊழியரிடம் சொல்லி இதையே செய்துகொள்ள முடியும், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அது தெரியவே தெரியாது. பாஸ்வேர்டு எழுதிய தாள் வீட்டின் வயதுவந்த எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருந்தால், ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் பார்க்க முடியும். நான் மேலே சொன்ன மூன்று சோதனைகளில் ஒன்றுக்குக்கூட யார் எந்தத் தளத்துக்குப் போனார் என்ற பதிவு தேவையில்லை. அந்தப் பதிவு வசதி அணைக்கப்பட்ட நிலையிலேயே ரவுட்டர்கள் விற்கப்பட வேண்டும். இயக்கினால் இணைந்துள்ள எல்லாக் கருவிகளுக்கும் அறிவிப்பு போக வேண்டும். சிறுவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பதானால் அவர்களிடம் சொல்லிவிட்டு வைக்கலாம். ஒளித்துவைத்துப் பார்ப்பது பிள்ளைகளுக்கு வேறு வழிகளைத் தேடக் கற்றுக்கொடுக்கும்.

சட்டத்தால் இதைச் செய்ய முடியுமா என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் நுகர்வோர் கருவிகளை எல்லாவற்றுக்கும் பொதுவான, எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுடன் விற்க முடியாது. எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்பதையும் தயாரிப்பாளர் வெளியிட வேண்டும். மீறினால் 1 கோடி பவுண்டு அல்லது உலக அளவிலான வருவாயில் 4 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம். கலிஃபோர்னியாவில் பாஸ்வேர்டு தொடர்பான இதுபோன்ற விதி 2020 முதலே உண்டு. இந்தியாவிலும் அடித்தளம் இல்லாமல் இல்லை. தொலைத்தொடர்புத் துறையின் கீழ் பெங்களூரில் இயங்கும் தேசியத் தகவல்தொடர்புப் பாதுகாப்பு மையம் வீட்டு வைஃபை கருவிகளுக்கான பாதுகாப்புத் தேவைகளை வகுத்திருக்கிறது. தீநிரல் தொற்றிய கருவிகளைக் கண்டறிந்து சேவை நிறுவனங்கள் வழியாகப் பயனருக்குத் தெரிவிக்க சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017 பிப்ரவரி முதல் இருக்கிறது. இவையெல்லாம் கருவியையும் நிறுவனத்தையும் நோக்கிப் பேசுகின்றன. வாடிக்கையாளர் கையில் ஒரு தாளையாவது கொடு என்று சொல்வதுதான் பாக்கி.

செலவு கூடும், மாதக் கட்டணம் ஏறும் என்பார்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி பாஸ்வேர்டு அச்சிட்ட ஒட்டுத்தாள் இப்போதே பல ரவுட்டர்களில் வருகிறது; அதில் புதுச் செலவு இல்லை. மென்பொருள் திருத்தத்துக்குச் செலவுண்டு, மறுக்கவில்லை. ஆனால் சேவை நிறுவனம் தனக்குச் சொந்தமான பெட்டியைத்தான் பல வீடுகளில் வைத்திருக்கிறது. இணைப்பை ரத்து செய்தால் திருப்பி வாங்கிக்கொண்டும் போகிறது. தன் சொத்தைப் பராமரிக்கும் செலவை வாடிக்கையாளரின் ஆபத்தாக மாற்றிவைப்பதை நியாயம் என்று ஏற்க முடியாது. இதைத் தொடங்க இது நல்ல நேரம். தமிழ்நாட்டில் டான்ஃபினெட் நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் இணைப்பைக் கொண்டுசெல்லும் வேலையில் இருக்கிறது. அந்தக் கம்பி வழியாக முதன்முறையாக வீட்டில் வைஃபை பார்க்கப்போகும் குடும்பங்களுக்கு மாற்ற வேண்டிய பழைய பழக்கம் எதுவும் இல்லை. இணைப்பு கொடுக்கும்போது கையெழுத்து வாங்கும் படிவத்தோடு, தமிழில் ஒரு பக்கத் தாள் போதும். அதில் அட்மின் பக்கத்தின் முகவரி, அந்தக் கருவிக்கே உரிய பாஸ்வேர்டு, டிஎன்எஸ் வரி, திருத்தங்கள் எந்த ஆண்டு எந்த மாதம் வரை வரும் என்ற தேதி, சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய எண் ஆகியவை இருக்க வேண்டும். அந்தத் தாள் கொடுக்கப்பட்டதற்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் இணைப்பு நிறைவுற்றதாகக் கணக்கில் ஏறக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் உத்தரவு போட்டால், அடுத்த மாதமே இது ஊர் ஊராக நடைமுறைக்கு வந்துவிடும்.